பரம விரோதி ஓட்டிய கார்

அனுப்புநர்
ரொட்டி வேன் டிரைவர் (ஓய்வு), வயது 72,
கதவு எண் 7, பக்கவாட்டுச் சந்து.

பெறுநர்
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
வாகனக் காப்பீட்டுப் புகார்ப் பிரிவு,
மூன்றாம் மாடி (லிப்ட் நின்றுபோன கட்டடம்).

பொருள்: அடுத்த வீட்டுக்காரர் காரை நான் ஓட்டிச் சென்றபோது நேர்ந்த விபத்து – இழப்பீடு மறுக்கப்பட்டது – படிவத்தில் நான் விளையாட்டாக எழுதிய மூன்று பதில்களை நீக்கிவிட்டு மறுபடி பரிசீலிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இழப்பீட்டுப் படிவம், பிப்ரவரி 13. 2. கம்பெனியின் மறுப்புக் கடிதம், மார்ச் 24. 3. கம்பெனியின் இரண்டாம் கடிதம், மே 5.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு (அம்மையாராக இருந்தால் அம்மா அவர்களுக்கு, கீழே இருந்த காவலாளியைக் கேட்டேன், அவரும் மாடி ஏறிப் பார்த்ததில்லையாம்),

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பேக்கரி ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் ரொட்டி வேன் ஓட்டினேன். என் ஓட்டுநர் உரிமம் இன்னும் மூன்று வருடம் செல்லும். இத்தனை வருடத்தில் நான் செய்த ஒரே விபத்து, இந்த மனுவில் வருகிற விபத்து. மனு எழுதித் தருகிறவரிடம் போயிருக்கலாம். அவர் எல்லாவற்றையும் அரைப் பக்கத்தில் சுருக்கி, கீழே கையெழுத்துப் போடு என்பார். படிக்காமல் கையெழுத்துப் போட்டதால்தான் இவ்வளவு வம்பும் வந்தது. ஆகவே நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்தருள வேண்டும்.

2. காருக்கு உரியவர் என் அடுத்த வீட்டுக்காரர். பூட்டு ரிப்பேர் செய்து, சாவி வெட்டிக் கொடுக்கிறவர். சாவிக்காரர் என்றால் தெரு முழுக்கத் தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வண்டி நுழையும் அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. அதில் அவர் காரும் என் பழைய வேனும் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். முன்னால் நிற்பதை எடுக்காமல் பின்னால் நிற்பதை அசைக்க முடியாது. அதனால் அவர் கார்ச் சாவி என் வீட்டுக் கதவுக்குப் பின்னாலுள்ள ஆணியிலும், என் வேன் சாவி அவர் வீட்டுக் கடிகாரத்துக்குக் கீழேயுள்ள ஆணியிலும் இருபத்தாறு வருடமாகத் தொங்குகின்றன. யாருக்கு வெளியே போக வேண்டுமோ அவர் மற்றவர் வண்டியை எடுத்துத் தெருவில் நிறுத்திவிட்டுத் தன் வண்டியை எடுப்பார். கேட்டுவிட்டு எடுக்கும் வழக்கம் கிடையாது. இதில் யாராவது திடீரென்று வந்து அனுமதி கேட்டால்தான், இவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று மற்றவருக்குச் சந்தேகம் வரும்.

3. சாவிக்காரரின் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார். அவர் என்னை அண்ணே என்பார். நான் தங்கச்சி என்பேன். அந்த முறையில் சாவிக்காரரை மாப்ளே என்று கூப்பிட்டு வம்புக்கு இழுப்பேன். அவர் என்னைக் கூப்பிடும் பெயர்களை அரசாங்கக் காகிதத்தில் எழுத முடியாது.

4. பிப்ரவரி 11-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சாவிக்காரருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். அந்தக் கண்ணில் கட்டு. மற்ற கண்ணில் புரை. மறுநாள் புதன்கிழமை, தங்கச்சி போயாக வேண்டும். என் வேனில் படி உயரம், தங்கச்சியால் ஏற முடியாது. ஆகவே ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவர் காரையே எடுத்தேன். இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: அவர் அப்போது வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்று, பின்வருமாறு சொன்னார்: "டேய், கண்ணு தெரியலேன்னு ஆட்டம் போடாதே. காது நல்லாக் கேக்குது. கியரு கரகரன்னு சத்தம் போட்டுச்சு, திரும்பி வந்ததும் உன் கழுத்தத் திருகிடுவேன். போ, நேரமாச்சு." ஐயா, போ என்று சொன்னபின் வேறென்ன அனுமதி வேண்டும்?

5. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. பேங்க் முனையில் திரும்புகையில் ஒரு மோட்டார் சைக்கிள் எதிரே குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். வழுக்கியது. மோட்டார் சைக்கிளில் இடிக்காமல் ஓரமாக ஒடித்தேன். அங்கே போக்குவரத்துப் பலகை நட்டிருந்த இரும்புக் கம்பம் நின்றது. வேகம் முப்பதுக்குள்தான். முன் பம்பர், ஒரு விளக்கு, ரேடியேட்டர், பானெட் எல்லாம் போயின. ஒருவருக்கும் காயமில்லை. பின் இருக்கையில் இருந்த தங்கச்சி கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, கம்பம் நகரும்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார். அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று அப்போது தெரிந்துகொண்டேன். போக்குவரத்துக் காவலர் வந்து, என்னை ஊதச் சொல்லிப் பார்த்து, என் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார். நகல் இணைத்துள்ளேன்.

6. இனி என் குற்றம். மறுநாள் காப்பீட்டுப் படிவம் வந்தது. அதை நிரப்ப உட்கார்ந்தவன் நான். சாவிக்காரரால் படிக்க முடியாது. வண்டியை ஓட்டியவர் உரிமையாளருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. "பரம விரோதி" என்று எழுதினேன். உரிமையாளரின் அனுமதி பெறப்பட்டதா என்று ஒரு கட்டம். "அவனிடம் எதற்குக் கேட்க வேண்டும்? இருபத்தாறு வருடமாகக் கேட்டதில்லை" என்று எழுதினேன். இந்தப் பயணத்துக்கு வாடகையோ கூலியோ வாங்கப்பட்டதா என்று ஒரு கட்டம். "ஒரு டம்ளர் டீ. அதிலும் சர்க்கரை குறைவு" என்று எழுதினேன்.

அவர், "என்னடா சிரிக்கிறே, என்ன எழுதினே?" என்று கேட்டார். "உள்ளதத்தான் எழுதினேன் மாப்ளே, கையெழுத்தப் போடு" என்று பேனாவைக் கையில் கொடுத்து, விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன். போட்டார். கண் சரியானதும் நகலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர் கத்துவதைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். கம்பெனியில் இதைப் படிப்பவர்களும் மனிதர்கள்தானே, சிரித்துவிட்டு மேலே போவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

7. பத்து நாள் கழித்து விசாரணைக்கு ஒரு அம்மா வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே தெருவில் விசாரித்தார். எங்கள் சந்துக்கு எதிரே லாண்டரி வைத்திருக்கும் அம்மாளிடம், இவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை எப்படி என்று கேட்டிருக்கிறார். லாண்டரி அம்மாள், "அய்யோ, அத ஏம்மா கேக்கறீங்க, பொழுது விடிஞ்சா ரெண்டும் எலியும் பூனையுந்தான். நேத்துக்கூட இவரு அவர செத்துத் தொலைடான்னாரு" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மை. கேரம் விளையாட்டில் நான் ராணியைப் போட்டுவிட்டேன், அதற்காகச் சாவிக்காரர் என்னைச் சொன்னது. அந்த அம்மா கேரம் பற்றிக் கேட்கவில்லை, லாண்டரி அம்மாளும் சொல்லவில்லை. சாட்சியின் வாக்குமூலம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

8. மார்ச் 24-ஆம் தேதி மறுப்புக் கடிதம் வந்தது. காரணம் இரண்டு. ஒன்று, உரிமையாளருடன் பகை உள்ள ஒருவர் அவர் அனுமதியில்லாமல் ஓட்டியது. இரண்டு, கைம்மாறு பெற்றுக்கொண்டு ஆள் ஏற்றிச் சென்றது. இரண்டாவது காரணத்தில் இருக்கும் கைம்மாறு அந்த டீ.

9. பாலிசிப் புத்தகத்தை வாட்ச் ரிப்பேர் கடையில் பூதக்கண்ணாடி கடன் வாங்கிப் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில், உரிமையாளரோ, அவர் சம்மதத்துடன் செல்லத்தக்க உரிமம் வைத்திருக்கும் வேறு எவருமோ ஓட்டலாம் என்று இருக்கிறது. சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று இல்லை. பிடித்தவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. விரோதியே ஆனாலும் சம்மதம் இருந்தால் போதும் என்றுதான் எனக்குப் படுகிறது. சம்மதம் இருந்ததற்குப் பத்தி 2, 4 இரண்டையும் பார்க்கவும்.

10. மறுப்புக் கடிதத்தைச் சாவிக்காரர் தாமே படித்தார். அதற்குள் இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்து, புதுக் கண்ணாடி போட்டிருந்தார். படிவத்தின் நகலும் கடிதத்தோடு இருந்தது. அவர் மேஜையில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தபோது நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கத்துவார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, கண்ணக் கட்டியிருந்த நேரத்துல என் கையெழுத்த வெச்சு வெளயாடிட்டீங்க" என்றார். பிறகு, "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து என்னிடம் வாங்க, போங்க என்றுதான் பேசுகிறார். கேரம் பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. இது இந்த மனுவுக்குத் தொடர்பில்லாத விஷயம் என்று கம்பெனி சொல்லும். தொடர்பு இருக்கிறது. பிப்ரவரி மாதமே நாங்கள் விரோதிகளாக இருந்திருந்தால், மார்ச் மாதம் அவர் புதிதாகக் கோபித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. இதைச் சாட்சியமாக ஏற்க வேண்டுகிறேன்.

11. நான் கம்பெனிக்கு நேரில் போனேன். கவுண்டரில் இருந்தவர் நல்ல மாதிரி. கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, அனுமதி இல்லாம எடுத்தாருன்னு எழுதிட்டீங்க. அப்ப அது திருட்டு. திருட்டுக்கு பாலிசியில பாதுகாப்பு இருக்கு. காரோட ஓனர் போலீஸ்ல ஒரு புகார் குடுக்கட்டும், அந்தக் காப்பியக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார். திருடியது யார் என்று புகாரில் எழுத வேண்டுமா என்று கேட்டேன். "நீங்கதானே ஓட்டினீங்க?" என்றார்.

எனக்கு இது நல்ல வழியாகத் தோன்றியது. எழுபத்திரண்டு வயதில் எனக்கு என்ன, பெண் கொடுக்க யாரும் வரப்போவதில்லை. சாவிக்காரர் மாட்டேன் என்றார். தங்கச்சியை விட்டுச் சொல்லச் சொன்னேன். கடைசியில் ஏப்ரல் 3-ஆம் தேதி வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், என் மேல் புகார் கொடுக்கப் போனோம். டிக்கெட்டை அவர் எடுத்தார்.

12. காவல் நிலையத்தில் புகார் எழுதும் காவலர் எங்கள் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"யாரு மேல புகாரு?" என்றார். "என் மேலதான், எழுதிக்குங்க" என்றேன்.

"புகார் குடுக்கறது?" "இவரு."

"வண்டியத் திருடிக்கிட்டு எங்க போனீங்க?" "ஆஸ்பத்திரிக்கு. இவரு சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு."

காவலர் பேனாவைக் கீழே வைத்தார். "திருடின கார்ல அவரு சம்சாரமும் இருந்தாங்களா? அப்ப ஆள் கடத்தலையும் சேர்த்துல்ல எழுதணும்?" என்றார். சேர்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை என்று நான் சொன்னேன்.

சாவிக்காரர் எழுந்து நின்றார். "ஒண்ணும் எழுத வேணாங்க. இவரு திருடல. சாவி இவரு வீட்டு ஆணியில தொங்குது. நான்தான் தொங்கவிட்டேன், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி. திருட்டுன்னு எழுதி அதுக்குக் கீழ என் கை கையெழுத்துப் போடாது. காரு போனாப் போகட்டும்" என்றார்.

காவலர், "அப்ப இதையே கம்பெனிக்கு எழுதிக் குடுங்க பெரியவரே, எங்கிட்ட ஏன் வர்றீங்க?" என்று அனுப்பிவிட்டார். புகார்தாரர் புகார் கொடுக்க விரும்பவில்லை என்று நாட்குறிப்பில் அவர் எழுதியதன் நகலைக் கேட்டு வாங்கினேன். அதையும் இணைத்துள்ளேன். திரும்பும்போது டிக்கெட்டை நான் எடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

13. காவலர் சொன்னபடியே சாவிக்காரர் கம்பெனிக்கு எழுதினார். மே 5-ஆம் தேதி பதில் வந்தது. முதலில் கையெழுத்திட்ட படிவத்துக்கு இது முரணாக இருப்பதால் ஏற்க இயலாது என்று சொல்லிவிட்டார்கள். அதாவது, கண் தெரியாதபோது போட்ட கையெழுத்து செல்லும், கண் தெரிந்து போட்ட கையெழுத்து செல்லாது. இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தாங்கள் படித்தவர், தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அறுவைச் சிகிச்சை நடந்த தேதி போட்ட கண் டாக்டரின் சான்று இணைத்துள்ளேன். தேதியைப் படிவத்தின் தேதியோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

14. கார் இப்போது ஒர்க் ஷாப்பின் பின்புறம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. மெக்கானிக், "கம்பெனி சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், ஒரு வாரத்துல ஓட்டிக்கிட்டுப் போங்க" என்கிறார். உடைந்த பானெட்டுக்குள் ஒரு பூனை குடிவந்து குட்டி போட்டிருக்கிறது. கைக்காசு போட்டுச் சரிசெய்ய வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். அவர்களிடம் இருப்பது சிகிச்சைக்கே போகிறது. என் வேனை விற்கிறேன் என்று சாவிக்காரரிடம் சொன்னேன். "உங்க வேன வித்து எங்களுக்கு ஒண்ணும் செய்ய வேணாங்க" என்று சொல்லிவிட்டார்.

15. எனவே தங்கச்சி இரண்டு பஸ் மாறிப் போகிறார். போகும்போது பரவாயில்லை. வரும்போதுதான் சிரமம். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய் உள்ளே வந்த உடம்பு, எழுந்து நின்றால் தலை சுற்றும். பஸ் நிறுத்தம் சாலைக்கு எதிர்ப் பக்கம், உட்கார இடமில்லை. இந்த மாதம் 9-ஆம் தேதி வெள்ளிக்கிழமை செருப்புக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர், செருப்புப் போட்டுப் பார்க்கிறவர்கள் உட்காரும் முக்காலியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். 16-ஆம் தேதி பாதி வழியில் மயக்கம் வந்து பஸ்ஸை நிறுத்தினார்கள். நேற்றுத் திங்கள்கிழமை, இன்னிக்குப் போகலைங்க, புதன்கிழமை பார்த்துக்கலாம் என்று வீட்டில் இருந்துவிட்டார். சாவிக்காரர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஒரு தடவை விட்டால் என்ன ஆகும் என்று நான் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து கேட்டேன். நர்ஸ் சொன்னதை இங்கே எழுத விருப்பமில்லை. தாங்கள் எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். சாவிக்காரருக்கு இப்போது இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது, அவரே ஓட்டுவார். கார்தான் இல்லை.

16. அந்த மூன்று கட்டங்களுக்கும் இப்போது ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன். இது நான் நல்ல புத்தியோடு எழுதுவது.
உறவு: அண்டை வீட்டுக்காரன். ரத்த சம்பந்தம் இல்லை.
அனுமதி: இருந்தது. அன்று காலை வாயாலும் சொன்னார்.
கூலி: இல்லை. டீ, அந்த வீட்டுக்கு யார் போனாலும் கொடுப்பது. விசாரணைக்கு வந்த அம்மாவும் வாசலில் நின்று குடித்தார்.

17. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து, பார்வை 2, 3-இல் கண்ட மறுப்புகளை ரத்து செய்து, சாவிக்காரர் காரின் பழுது பார்க்கும் செலவை ஏற்குமாறு கம்பெனிக்கு உத்தரவிட வேண்டுகிறேன். காப்பீட்டுப் படிவத்தில் விளையாடியதற்கு ஏதாவது தண்டனை உண்டென்றால் அதை என் பெயருக்குத் தனியாக எழுதவும். அதைக் காரோடு சேர்க்க வேண்டாம்.

18. இந்த மனுவில் உரிமையாளரின் கையெழுத்து இல்லை. அது இல்லாமல் ஏற்பது கடினம் என்று தங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தபோது சொன்னார்கள். மனு அவருக்குத் தெரியாது. ஒரு தடவை அவர் விரலைப் பிடித்து வாங்கிவிட்டேன். இன்னொரு காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் இங்கே போடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தாங்களே அவரைக் கூப்பிட்டு, இதை முழுக்கப் படிக்கக் கொடுத்து, சரிதானா என்று கேட்க வேண்டும். அவர் பொய் சொல்லமாட்டார், எனக்காகவும் சொல்லமாட்டார். விசாரணையைச் செவ்வாய், வியாழன், சனி ஏதாவது ஒரு நாளில் வைக்கவும். மற்ற மூன்று நாளும் தங்கச்சியோடு அவர் பஸ்ஸில் போக வேண்டும். இந்த வாரமே வைத்தால் நல்லது. அவர் மாடி ஏறுவார். நான் கீழே காவலாளியிடம் உட்கார்ந்திருக்கிறேன், தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்.

இணைப்பு: காவலர் குறிப்பு, கண் டாக்டர் சான்று, காவல் நிலைய நாட்குறிப்பு நகல், என் உரிமத்தின் நகல், ஆஸ்பத்திரி சிகிச்சை அட்டையின் நகல்.

இங்ஙனம், தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ரொட்டி வேன் டிரைவர்

இடம்: கதவு எண் 7, பக்கவாட்டுச் சந்து
நாள்: மே 20, செவ்வாய்க்கிழமை